நீளமான கைப்பிடி

ஆக்ஸ்ஃபோர்டில் படிகவியலாளர் டோரத்தி ஹாட்ஜ்கின் பயன்படுத்திய எக்ஸ்-ரே கருவியின் முதன்மை விசையில் நீளமான நெம்புகோல் ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். மற்றவர்கள் விரலாலேயே தள்ளிவிடக்கூடிய விசைதான். அவருடைய விரல்களுக்கு அந்த வலு கிடையாது. 1934இல், 24 வயதில், கை மூட்டுகள் விடாமல் வலிக்கின்றனவே என்று பெற்றோர் அவரை லண்டனில் ஒரு நிபுணரிடம் அழைத்துப்போனார்கள். ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று தெரியவந்தது. நம் ஊரில் முடக்குவாதம் என்பார்கள். பழைய ஆட்கள் சரவாங்கி என்பார்கள். அவர் டாக்டர் முன்னால் கையை நீட்டிக்கொண்டிருந்த அதே நாளில், கேம்பிரிட்ஜில் அவருடைய ஆசிரியர் பெர்னல் பெப்சின் புரதப் படிகத்தை எக்ஸ்-ரே படமெடுத்துக்கொண்டிருந்தார் என்று வாழ்க்கை வரலாறு சொல்கிறது. 1938இல் முதல் பிரசவத்துக்குப் பிறகு நோய் ஒரேயடியாகப் பாய்ந்தது. பக்ஸ்டன் என்ற ஊருக்குப் போய்த் தங்க உப்பு ஊசி போட்டுக்கொண்டு திரும்பினார். பெனிசிலின், வைட்டமின் பி12 ஆகியவற்றின் மூலக்கூறு அமைப்பைக் கண்டது, 1964இல் வேதியியலுக்கான நோபல் பரிசு, 1969இல் இன்சுலினின் அமைப்பு எல்லாமே அதற்குப் பிறகு வந்தவை.

அந்தக் கைகளை 1978இல் சிற்பி ஹென்றி மூர் வரைந்தார். முகம் கிடையாது, கைகள் மட்டும். 1985இல் மேகி ஹாம்ப்லிங் தீட்டிய ஓவியத்தில் ஹாட்ஜ்கினுக்கு நான்கு கைகள். மேசை கொள்ளாத காகிதக் குவியலுக்கு நடுவே நான்கும் மும்முரமாக வேலை செய்துகொண்டிருக்கும்.

இப்படி ஒரு வாழ்க்கையைச் சொல்ல ஆரம்பித்தால் கேட்கிறவர் மனம் அடுத்த வரியைத் தானாகவே எழுதிக்கொள்கிறது: வலி அவரைப் புடம் போட்டது, நோய் அவரைப் பக்குவப்படுத்தியது. எனக்கு இந்த வரியின் மேல் நெடுநாளாகவே சந்தேகம். பத்து வயதிலேயே படிகங்களின் மேல் பித்தாக இருந்த பெண் அவர். பொறுமையும் பிடிவாதமும் மூட்டு வீங்கிய பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை என்பதற்கு ஒரு சான்றும் இல்லை. நோய் வந்ததால் அவரிடம் புதிதாகச் சேர்ந்தது எது என்று கேட்டால், கையில் எடுத்துக் காட்டக்கூடியது அந்த நெம்புகோல் ஒன்றுதான்.

நாட்பட்ட நோய் ஒரு பெண்ணின் ஆளுமையை மாற்றுகிறதா, மாற்றினால் எந்தப் பக்கமாக? கடந்த 70, 80 ஆண்டுகளில் உளவியல் இதற்கு இரண்டு பெரிய பதில்களைச் சொல்லியிருக்கிறது. அவளுடைய சுபாவம்தான் நோயைக் கொண்டுவந்தது என்பது முதல் பதில். நோய் அவளை வளர்க்கிறது என்பது இரண்டாவது. மூக்கை அறுத்துவிட்டுப் பிறகு மூக்குத்தியோடு வந்து நின்ற கதை. இரண்டுக்கும் பின்னால் கவனமாகச் செய்த ஆய்வுகள் இருக்கின்றன. அவற்றைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால், இரண்டு பதில்களுமே தாங்கக்கூடியதைவிட அதிகமான பாரத்தை அந்தப் பெண்ணின் தலையில் ஏற்றிவைப்பது தெரியும்.

என் பெரியம்மாவுக்கு இந்த நோய் வந்தபோது வயது 38. விருதுநகரில் வீடு. காலையில் எழுந்தால் விரல் மடங்காது, மடங்கினால் விரியாது. காபி டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அணைத்துத்தான் தூக்குவார். அந்த இறுக்கம் தளரப் பத்து மணி ஆகும்; அதற்குள் மூன்று பேருக்கு டிபன் பாக்ஸ் கட்டியாக வேண்டும். சேலைக் கொசுவம் வைக்க வராது. பின் ஊசி குத்த வராது. மிக்ஸி மூடியைத் திறக்க ஆள் தேட வேண்டும். ஐந்து வருடம் இதற்குப் பெயர் வாய்வு. முடக்கத்தான் தோசை, கற்பூராதித் தைலம், அவ்வளவுதான் வைத்தியம். கடைசியில் ஒரு டாக்டரிடம் போனபோது அவர் சொன்னது பெரியம்மாவுக்கு இன்றைக்கும் மறக்கவில்லை: "டென்ஷனைக் குறைச்சுக்குங்கம்மா. எல்லாம் மனசுதான்."

அந்த டாக்டரை மட்டும் குறை சொல்லிப் புண்ணியமில்லை. அந்த வாக்கியத்துக்கு நீண்ட வம்சாவளி உண்டு.

1950இல் சிகாகோவின் உளப்பகுப்பாய்வாளர் ஃப்ரான்ஸ் அலெக்சாண்டர் மனவுடலிய மருத்துவம் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஏழு நோய்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு மனப்போராட்டம் உண்டு என்று வாதிட்டார். வயிற்றுப்புண், ஆஸ்துமா, ரத்த அழுத்தம் ஆகியவற்றோடு முடக்குவாதமும் அந்தப் பட்டியலில் இருந்தது. வெளியே காட்ட முடியாமல் அடக்கிய கோபம் தசையிலும் மூட்டிலும் போய் இறுகிக்கொள்கிறது என்பது அவர் தரப்பு. பெண்களுக்கு அதிகம் வரும் நோய் என்பதால் பேச்சு சீக்கிரமே பெண்ணின் சுபாவத்துக்குத் தாவிவிட்டது. 1965இல் ருடால்ஃப் மூஸ், ஜார்ஜ் சாலமன் என்ற இருவர், முடக்குவாதம் உள்ள பெண்களையும் நோயில்லாத அவர்களுடைய சொந்தச் சகோதரிகளையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரே வீடு, ஒரே வளர்ப்பு. ஆக வேறுபாடு தெளிவாகத் தெரியும் என்று கணக்கு. நோயாளிகள் அடங்கிப்போகிறவர்கள், தங்களை ஒதுக்கிப் பிறரைப் பார்க்கிறவர்கள், கோபத்தை விழுங்குகிறவர்கள் என்ற சித்திரம் கிடைத்தது.

அழகான ஆய்வு, ஒரு ஓட்டையைத் தவிர. நோய் வந்த பிறகு எடுத்த அளவு அது. பல வருடம் வலியோடு பிறர் தயவில் காலம் தள்ளியவள் அடங்கிப்போவதும் கோபத்தை விழுங்குவதும் காரணமா, விளைவா? குளிக்கப் பக்கெட் தூக்கவே மருமகளைக் கூப்பிட வேண்டியவள் மருமகளிடம் எவ்வளவு கோபத்தைக் காட்ட முடியும்?

இதற்குப் பதில் சொல்லக்கூடிய ஒரு சம்பவம் அலெக்சாண்டரின் நூல் வருவதற்கு இரண்டு வருடம் முன்பே நடந்துவிட்டது. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 29 வயதுப் பெண் ஒருவர் முடக்குவாதத்தால் படுக்கையில் கிடந்தார். பின்னாளில் கார்ட்டிசோன் என்று பெயர் பெற்ற மருந்தை பிலிப் ஹென்ச் குழுவினர் முதன்முதலாக அவருக்குத்தான் ஊசியாகப் போட்டார்கள். புரளவே சிரமப்பட்டவர் சில நாட்களில் எழுந்து நடந்தார். ஒரு வாரத்தில் கடைவீதிக்குப் போய் மூன்று மணி நேரம் சுற்றிவிட்டு வந்தார். முந்தின வாரம் அவருக்கு ஆளுமைக் கேள்வித்தாள் கொடுத்திருந்தால் ஒரு பெண் கிடைத்திருப்பார். அடுத்த வாரம் கொடுத்திருந்தால் வேறொரு பெண். நடுவில் மாறியது ஹார்மோன். (அந்த மருந்தும் யோக்கியமானதல்ல. தொடர்ந்து எடுத்தவர்களில் சிலருக்கு அது மனநிலையையே புரட்டிப் போட்டது.)

அந்த ஏழில் வயிற்றுப்புண்ணின் கதி எல்லோருக்கும் தெரியும். 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வாரனும் மார்ஷலும் இரைப்பையில் ஒரு பாக்டீரியாவைக் கண்டார்கள். 2005இல் நோபல் வாங்கினார்கள். முடக்குவாதத்துக்கு அப்படி ஒற்றைக் குற்றவாளி அகப்படவில்லை. உடலின் தற்காப்புப் படை தன் மூட்டையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. குறிப்பிட்ட சில மரபணுக்கள் உள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம். புகைபிடித்தல் அதைக் கூட்டுகிறது. மூட்டு வலிக்க ஆரம்பிப்பதற்குப் பல வருடம் முன்பே எதிர்ப்பொருள்கள் ரத்தத்தில் தென்படலாம். ஆண்களைப்போல இரண்டு மூன்று மடங்கு பெண்களுக்கு வருகிறது. உடல் தன்னையே தாக்கும் இன்னொரு நோயான லூபஸ் என்றால் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். பெரியம்மாவின் டென்ஷன் இந்தப் பட்டியலில் எங்கோ ஒரு ஓரத்தில் இருக்கலாம், நடுவில் இல்லை.

இனி மூக்குத்தி.

வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் டெடெஸ்கியும் லாரன்ஸ் கால்ஹூனும் 1990களின் நடுவில் ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: பேரிடி விழுந்த பிறகு அதோடு மல்லுக்கட்டும் சிலர், பழைய நிலைக்குத் திரும்புவது மட்டுமல்ல, அதைத் தாண்டியும் போகிறார்கள். அதிர்ச்சிக்குப் பின்னான வளர்ச்சி என்று தமிழில் சொல்லலாம். அதை அளக்க 1996இல் 21 வாக்கியங்கள் கொண்ட கேள்வித்தாளை வெளியிட்டார்கள். பிறரோடு நெருக்கம், புதிய வழிகள், தன் வலிமையை உணர்தல், ஆன்மிக மாற்றம், வாழ்வின் அருமை தெரிதல் என்று ஐந்து பிரிவுகள். இந்தத் தாளில் பெண்கள் ஆண்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே மதிப்பெண் போட்டுக்கொள்கிறார்கள் என்பது 2010இல் 70 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோதும் உறுதியானது. ஒன்றை நியாயமாகச் சொல்லியாக வேண்டும்: துன்பம் நல்லது என்று இவர்கள் இருவரும் எங்கும் சொல்லவில்லை. வளர்ச்சியும் வேதனையும் ஒரே வீட்டில் குடியிருக்கலாம் என்றுதான் சொன்னார்கள். மேடைப் பேச்சாளர்கள் கைக்கு வந்தபோது இரண்டாம் பாதி உதிர்ந்துவிட்டது.

சிக்கல் அந்தத் தாளின் அமைப்பிலேயே இருக்கிறது. 'முன்பிருந்ததைவிட நான் இப்போது எப்படி?' என்று மனிதரிடமே கேட்கிறது அது. முன்பிருந்த தன்னை யாருக்கு ஞாபகமிருக்கிறது? மின்னசோட்டாவைச் சேர்ந்த பட்ரிசியா ஃப்ரேசியர் 2009இல் இதைச் சோதித்தார். கல்லூரி மாணவர்களை முதலிலேயே அளந்துவைத்தார். எட்டு வாரம் கழித்து, இடையில் பெரிய அடி வாங்கியவர்களை மறுபடி அளந்தார். வளர்ந்திருக்கிறேன் என்று அவர்கள் சொன்னதற்கும், இரண்டு அளவுகளுக்கும் இடையில் உண்மையில் தெரிந்த மாற்றத்துக்கும் பெரிய தொடர்பில்லை. வளர்ந்ததாக நினைத்தவர்களுக்கு வேதனை கூடியிருந்தது. உண்மையில் மாறியவர்களுக்குக் குறைந்திருந்தது. உளவியலாளர் எரந்த ஜயவிக்ரம, லாரா பிளாக்கியோடு சேர்ந்து 2014இல் எழுதிய விமர்சனமும் இதே இடத்தைத்தான் தொட்டது: ஆளுமை மாறிவிட்டது என்று சொல்ல வேண்டுமானால் ஆளுமையை முன்னும் பின்னும் அளக்க வேண்டும், மாறியதா என்று வாயால் கேட்டால் போதாது.

அப்படி முன்னும் பின்னும் அளந்த ஆய்வும் இருக்கிறது. ஹெல்சிங்கியின் மார்கஸ் யோகேலா குழுவினர் 2014இல் நான்கு நீண்டகாலத் தொடர் ஆய்வுகளைச் சேர்த்து, 17 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பார்த்தார்கள். இதயநோய், சர்க்கரை, புற்றுநோய், மூட்டுநோய் என நாட்பட்ட நோய் ஏதாவது வந்த பிறகு என்ன ஆனது? கலகலப்பு, மனநிதானம், ஒழுங்கு, புதியதற்கான ஆர்வம் நான்குமே கொஞ்சம் இறங்கியிருந்தன. நோய்கள் கூடக் கூட இறக்கமும் கூடியது. பிறரோடு இணக்கமாகப் போகும் குணம் மட்டும் அசையவில்லை. மாற்றத்தின் அளவு சிறியதுதான். நோய் வந்தவர் வேற்று மனிதராகிவிடுவதில்லை. ஆனால் திசை, புடம் போட்ட பொன்னின் திசையல்ல. இதில் வியக்க ஒன்றுமில்லை. மூட்டில் எரியும் அழற்சி மூட்டோடு நிற்பதில்லை. அதே ரசாயனத் தூதுகள் மூளைக்கும் போய்ச் சோர்வையும் மந்தத்தையும் கொண்டுவருகின்றன. முடக்குவாதம் உள்ளவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு மருத்துவரே உறுதிப்படுத்தக்கூடிய மனச்சோர்வு இருக்கிறது என்று 2013இன் தொகுப்பாய்வு ஒன்று கணக்கிட்டது. ஊருக்குப் போக வரமாட்டேன் என்கிறவளை 'ஆளே மாறிட்டா' என்கிறோம்.

அப்படியானால் வளர்ச்சி என்பதெல்லாம் கட்டுக்கதையா? இல்லை. தேட வேண்டிய இடம் வேறு என்று நினைக்கிறேன்.

லாஸ் ஏஞ்சல்ஸில் ஷெல்லி டெய்லர் 1980களின் தொடக்கத்தில் மார்பகப் புற்றுநோய் கண்ட 78 பெண்களிடம் நீளமாகப் பேசினார். 1983இல் அவர் எழுதிய கட்டுரையை இன்று படித்தாலும் அந்தப் பெண்கள் உயிரோடு எழுந்து வருகிறார்கள். ஒவ்வொருவரும் எப்படியோ தன்னைவிடச் சிரமப்படும் ஒருத்தியைக் கண்டுபிடித்திருந்தார். கட்டியை மட்டும் எடுத்தவர் மார்பையே எடுத்தவரைப் பார்த்து ஆறினார். மார்பை எடுத்த வயதானவர், இதே நிலை ஒரு சின்னப் பெண்ணுக்கு வந்தால் என்ன ஆகும் என்று இரக்கப்பட்டார். யாரும் மேலே பார்க்கவில்லை. திருமண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து நம் பெண்கள் பேசுவதும் இதேதான். நோய்க்கு அர்த்தம் தேடுவது, ஏதோ ஒரு பகுதியாவது தன் கைக்குள் இருக்கிறது என்று உணர்வது, தன்மதிப்பை மீட்பது என மூன்று வேலைகளை டெய்லர் பார்த்தார். இதில் நடுவில் உள்ளது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முக்கியமாகப் படுவதற்குக் காரணம் கேட் லோரிக். சிறுவயது முதலே கோஷே நோய் என்ற அரிய மரபு நோயோடு வாழ்ந்த செவிலியர். ஸ்டான்ஃபோர்டில் மூட்டுநோயாளிகளுக்காக ஒரு சிறு வகுப்பைத் தொடங்கினார். வாரம் ஒருமுறை, ஆறு வாரம். சொல்லிக்கொடுத்தவர்கள் டாக்டர்கள் அல்ல, பெரும்பாலும் அதே நோய் உள்ள சாதாரண ஆட்கள். வந்தவர்களுக்கு வலி குறைந்தது. உடற்பயிற்சி செய்ததால் குறைந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். பயிற்சியின் அளவுக்கும் வலி குறைந்ததற்கும் பொருத்தம் மிகக் குறைவாக இருந்தது. பொருந்தியது வேறு ஒன்று: 'இதைப் பற்றி என்னால் ஏதாவது செய்ய முடியும்' என்ற எண்ணம் எவ்வளவு ஏறியது என்பது. அதே பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் பெயர் சூட்டிய எண்ணம்தான் அது.

அந்த எண்ணம் வானத்திலிருந்து வருவதில்லை. பெரியம்மாவுக்கு அது ஒரு குழாயிலிருந்து வந்தது. சரியான நோய் கண்டுபிடித்து, ஞாயிற்றுக்கிழமை மாத்திரை தொடங்கியிருந்த சமயம். (மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறை மட்டும். தினமும் விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால், காலண்டரில் ஞாயிறுகளில் எல்லாம் சிவப்புப் பேனாவால் வட்டம்.) ஆஸ்பத்திரியில் கை கழுவப் போனவர், அங்கே டாக்டர்கள் முழங்கையாலேயே தள்ளித் திறக்கும் நீளக் கைப்பிடிக் குழாயைப் பார்த்திருக்கிறார். அடுத்த வாரமே பிளம்பரை வரச் சொன்னார். "ஆஸ்பத்திரிக் குழாய எதுக்கும்மா வீட்ல மாட்டச் சொல்றீங்க?" என்று அவர் கேட்டதற்கு, "ஆஸ்பத்திரிக்கு மாசத்துக்கு ஒரு தடவதான் போறேன். பாத்திரம் தெனமும் வெளக்குறேன்" என்றாராம். அதற்குப் பிறகு மிக்ஸி மூடிக்கு ஒரு ரப்பர் பட்டை வந்தது. புடவை போய் நைட்டி வந்தது. அதற்கு ஒரு மாதம் வீட்டில் சண்டை நடந்தது.

ஜார்ஜியா மாநிலத்தின் மில்லெட்ஜ்வில் என்ற சிற்றூருக்கு, தாயின் பண்ணைவீட்டுக்கே திரும்பிவந்து முடங்கிய எழுத்தாளர் ஃபிளானரி ஓகானரையும் இங்கே நினைக்கிறேன். தந்தையைக் கொன்ற அதே லூபஸ் அவருக்கும் வந்தது. முதலில் அவரிடம் மூட்டுவாதம் என்றுதான் சொல்லிவைத்திருந்தார்கள். தாய்க்குத் தெரியும், மகளுக்குத் தெரியாது. 1952இல் ஒரு தோழி சொல்லித்தான் உண்மை தெரிந்தது. நம் வீடுகளில் நடக்கிற கதையேதான். தெரிந்த பிறகு அவர் செய்தது, காலையில் இரண்டு மூன்று மணி நேரத்தை எழுத்துக்கென்று வேலி போட்டதும், மிச்ச பலத்தை மயில்களுக்குக் கொடுத்ததும். 1964இல் 39 வயதில் இறந்தார். நோய் அவரை ஞானியாக்கியதா என்பது எனக்குத் தெரியாது. பலத்தைச் சில்லறை எண்ணுவதுபோல எண்ணிச் செலவழிக்கக் கற்றுக்கொடுத்தது.

இப்போது ஆளுமை என்ற சொல்லுக்கு உண்மையான கனம் வரும் இடத்துக்கு வருகிறேன். பிட்ஸ்பர்க்கின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் விக்கி ஹெல்கெசன் பல ஆண்டுகளாக ஒரு குணத்தைப் பின்தொடர்ந்திருக்கிறார். பிறர்மீது அக்கறை ஒரு குணம். அதனால் யாருக்கும் கெடுதலில்லை. ஆனால் தன்னை முற்றாக அழித்துவிட்டுப் பிறரைப் பார்ப்பது வேறு குணம். தான் சாப்பிட்டோமா என்பது ஞாபகமிருக்காது. அடுத்தவர் முகம் வாடினால் தூக்கம் போய்விடும். உதவி கேட்பது பாவம் போலத் தோன்றும். கடிவாளமில்லாத பிறர்பேணல் என்று வைத்துக்கொள்ளலாம். இது பெண்களிடம் அதிகம். இதயநோய் வந்தவர்களில் இந்தக் குணம் மிகுந்தவர்கள் டாக்டர் சொன்ன ஓய்வை எடுக்கவில்லை, தேறுவதிலும் பின்தங்கினார்கள். அவர்களுக்கு நோயைவிடப் பெரிய சுமை, நோயாளியாக இருப்பதற்கு அனுமதி இல்லாதது.

தமிழ் வாசகர் இங்கே புன்னகைத்தால் எனக்குப் புரியும். ஹெல்கெசன் ஆபத்துக் காரணியாகக் கணக்கிட்ட இந்தக் குணத்துக்குத்தான் நாம் நல்ல பெண் என்று பெயர் வைத்திருக்கிறோம். 'எல்லாருக்கும் போட்டுட்டு கடைசியா மிஞ்சினதைச் சாப்பிடுவா, ஒரு வார்த்தை முகஞ்சுளிச்சதில்ல' என்று இரங்கல் கூட்டங்களில் பேசுகிறோம். மூஸும் சாலமனும் நோயாளிகளிடம் கண்ட அதே அடக்கமும் தியாகமும் இங்கே திரும்பி வருகின்றன. அவை மூட்டை வீங்கச் செய்யவில்லை. ஆனால் மூட்டு வீங்கிய பிறகு சுவரைப் போல எழுந்து நிற்பது அவைதான். அப்படியென்றால் இப்படிப்பட்ட ஒரு பெண்ணுக்கு வளர்ச்சி எப்படி இருக்கும்? கூடுதல் பொறுமையாகவோ கூடுதல் கருணையாகவோ இருக்க முடியாது. அவை ஏற்கெனவே வழிந்துகொண்டிருக்கின்றன. பார்க்கிறவர் கண்ணுக்கு அது சுயநலம்போலத் தெரிய வாய்ப்பு அதிகம். 'முன்ன மாதிரி இல்ல, இப்பல்லாம் வாய் நீளுது' என்று உறவினர் சொன்னால் அதுவே முதல் அறிகுறி. 21 வாக்கியங்களில் இதற்கென்று ஒரு வாக்கியம் கிடையாது.

நோயிலும் நன்மை காண்பது எப்போதும் நல்லதுதானா என்பதையும் ஹெல்கெசன் கேட்டார். டோமிச் என்ற சக ஆய்வாளரோடு 2004இல் வெளியிட்ட மார்பகப் புற்றுநோய் ஆய்வில், நோய் கூடுதல் தீவிரமாக இருந்த பெண்களில் ஆரம்பத்திலேயே நிறைய நன்மை கண்டவர்கள் பிற்பாடு கூடுதலாகத் துவண்டிருந்தார்கள். 2006இல் 87 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது படம் இன்னும் குழம்பியது. நன்மை கண்டவர்களுக்கு மனச்சோர்வு குறைவு. அதே சமயம் நோயைப் பற்றிய எண்ணங்கள் அழையாமல் வந்து குத்துவது அதிகம். இது முரணா? ஒரு காயத்தை மறுபடி மறுபடி திருப்பிப் பார்ப்பவள் அதிலிருந்து ஏதோ எடுக்கவும் செய்வாள், குத்தும் பட்டுக்கொள்வாள். முடக்குவாத நோயாளிகளிடம் இந்த ஆராய்ச்சியைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவரான ஹோவர்ட் டென்னனே 2010இல் ஜேம்ஸ் கோயினோடு சேர்ந்து, புற்றுநோய் வார்டுகளில் நேர்மறை உளவியலைக் கடை பரப்புவதைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். தன் பயிரில் களை எடுக்கத் தெரிந்த விவசாயி.

வளர்ச்சியைப் பெண்ணின் மனதுக்குள் மட்டும் தேடும்போது கண்ணிலிருந்து தப்பிவிடுவது வீடு. 2009இல் அமெரிக்காவில் மூளைக்கட்டி, புற்றுநோய், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ள 515 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். நோயாளி ஆணாக இருந்தபோது பிரிந்த தம்பதிகள் 2.9 சதவீதம், பெண்ணாக இருந்தபோது 20.8 சதவீதம். இதற்கு ஒத்துப்போவதாக 2015இல் வந்த வேறொரு ஆய்வைக் கணக்குப் பிழைக்காக ஆசிரியர்களே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ஆகவே இந்த எண்ணை எல்லா ஊருக்கும் நீட்டிவிடக் கூடாது. ஆனால் கேள்வி நிற்கிறது. கணவன் போன பிறகு தன் காலில் நின்ற பெண், 'என் வலிமை எனக்குத் தெரிந்தது' என்ற வாக்கியத்துக்கு முழு மதிப்பெண் போடுவாள். அந்த மதிப்பெண்ணை நோயின் கொடை என்று எழுதிவிடலாமா?

ஹாட்ஜ்கினின் வீட்டைப் பற்றியும் இதை ஒட்டியே சொல்ல வேண்டும். மனைவியின் வேலை பெரியது என்பதில் சந்தேகமில்லாத கணவர். 1957இலிருந்து தங்கையும் அவருடைய ஐந்து பிள்ளைகளும் சேர்ந்து வாழ்ந்த பெரிய வீடு. சோதனைச்சாலையில் எப்போதும் நாலு பேர். நான்கு கை ஓவியத்தின் மற்ற இரண்டு கைகள் யாருடையவை என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 1993இல், சாவதற்கு முந்தின வருடம், சக்கர நாற்காலியில் பெய்ஜிங்கில் நடந்த படிகவியல் மாநாட்டுக்குப் போய் எல்லோரையும் திகைக்கவைத்தார். அந்த நாற்காலியையும் யாரோ தள்ளினார்கள்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது, இந்தக் கட்டுரைக்காகப் பெரியம்மாவிடம் அந்தக் கேள்வித்தாளின் சாரத்தைத் தமிழில் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்டேன். இப்போது அவருக்கு வயது 71. விரல்கள் எல்லாம் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டன. பூண்டு உரித்துக்கொண்டிருந்தார், நகத்தால் அல்ல, தண்ணீரில் ஊறப்போட்டுப் பிதுக்கி.

முன்னைவிட வலு கூடியிருக்கிறதா?

"வலுவா? கை இருக்கிற லட்சணத்துக்கு?"

கடவுள் நம்பிக்கை?

"அது அப்படியேதான் இருக்கு. கோயிலுக்குப் படியேற முடியல, அவ்வளவுதான்."

வாழ்க்கையின் அருமை தெரிந்ததா என்பதற்குப் பதிலே சொல்லவில்லை. அடுத்த பல்லை எடுத்தார். பிறகு, கஷ்டத்தில் மனிதர்கள் துணைக்கு வருவார்கள் என்று புரிந்ததா என்று கேட்டேன். பூண்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"யாரு வந்தா? பத்து வருஷம் யாரும் வரல. நானும் கூப்பிடல. கூப்பிட்டாத் தப்பா நெனைப்பாங்கன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். அப்புறம் ஒரு நாள் தோசைக்கல்லு கையில இருந்து நழுவி கால்ல விழுந்துச்சு பாரு, அன்னைக்குக் கூப்பிட்டேன். வந்தாங்க. இப்ப கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன்." உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்: "ஏய் செல்வி, இந்தக் கிண்ணத்தை எடுத்துட்டுப் போ. அப்படியே உங்க அண்ணனுக்குக் காபியும் போடு, எனக்கும் அரை டம்ளர்."